மாதர் தலைவிக்கு வேலை இல்லை

ஐரோப்பாவில் தோட்ட வேலைக்கு ஆள் பஞ்சமாம். வெளிநாட்டாரை எடுக்கச் சட்டத்தையே தளர்த்திவிட்டார்களாம். ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நானும் என்னோடு வேலை செய்யும் செல்வியும் பதுளைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனோம்.

கொழுந்து பறிப்பதைப் பற்றிச் சொன்னேன். தொழிற்சங்கத்தில் மாதர் தலைவி, யாருக்குப் பிரச்சினை என்றாலும் தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசுவது நான்தான் என்றும் பெருமையாகச் சொன்னேன். எங்கள் பக்கம் அது பெரிய தகுதி.

ஏஜென்டின் முகம் மாறியது. "என்னக்கா, அதையா சொல்லுவீங்க? அவங்களுக்குக் கைதான் வேணும், வாய் வேணாம்."

வாயே திறக்காத செல்வியை எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புறப்படும் நாளில் அவள் கேட்டாள்: "அங்க எனக்கு ஒண்ணுன்னா யார்கிட்டக்கா சொல்றது?"

அப்படிச் சொல்ல அவளுக்கு யாரும் இருக்கக்கூடாது என்றுதானே என்னை ஒதுக்கினார்கள்!