மணிக்கட்டில் கட்டிய தூண்டில்

என் தாய்மாமன் பொய் சொல்கிறார். குளத்தில் விழுந்த என்னைத் தூக்கியது அவர் இல்லை.

எங்கள் குடும்பத்தில் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எது நடந்தாலும் அவர் வெற்றிலைத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அந்தக் கதையை எடுத்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் குளம் கொஞ்சம் ஆழமாகும். போன தடவை அதில் ஒரு முதலையும் சேர்ந்துகொண்டது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். பிறகு என்னைப் பார்த்து, உயிரைக் கொடுத்த மாமனை மறந்துவிடாதே என்பதுபோல் தலையாட்டுவார்கள். நான் பந்தி பரிமாற எழுந்து போய்விடுவேன். இனிப் போக மாட்டேன். நடந்ததை எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் நிவித்திகலைக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு ஏழு வயது. மார்கழி மாதம். காலையில் வாசலில் நின்றால் எதிரே இருந்த லயத்து வீட்டு வரிசை தெரியாது. அத்தனை மூட்டம். வீட்டில் இருந்த ஒரே கம்பளியை அப்பா மலை வேலைக்குப் போகும்போது கட்டிக்கொண்டு போவார், ராத்திரி எங்கள் எல்லோர் மேலும் போர்த்துவார். அந்தக் குளிரில்தான் என் தம்பி பிறந்தான்.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். அம்மா எழுந்திருக்கவில்லை. நிறைய இரத்தம் போய்விட்டது. உதடு வெளுத்துப் பேச்சில்லாமல் கிடந்தார். மருத்துவச்சி அப்பாவை வெளியே கூப்பிட்டு, விரால் மீன் கிடைத்தால் ரசம் வைத்துக் கொடு, இரத்தம் ஊறும், இல்லாவிட்டால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் லயத்துச் சுவர் மெல்லியது. அம்மா செத்துவிடுவார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

விரால் இருந்தது தோட்டத்தை நடத்தும் துரையின் குளத்தில். தேயிலை அரைக்கும் ஸ்டோர்ச் சக்கரம் ஓடுவதற்காக ஓடையை மறித்துக் கட்டிய குளம் அது. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்து பிறந்த நாளுக்கு, துரையின் கூட்டாளிகள் வந்து அதில் தூண்டில் போடுவார்கள். வேறு யாராவது போட்டால் வேலையிலிருந்து நீக்கிப் பத்துச்சீட்டுதான். போட்ட ஆள் மட்டுமல்ல, அவன் குடும்பமே சட்டி பானையோடு தோட்டத்தை விட்டு இறங்க வேண்டும். குளத்துக்குக் காவல் ஒரு சிங்களவர். அணைக்கட்டு ஓரத்தில் குடிசை, பெண்சாதி, இரண்டு பிள்ளைகள், ஒரு செவலை நாய். அவரை எல்லோரும் ராலாமி என்று கூப்பிடுவோம். சாப்பிடாத பிள்ளைகளுக்கு அவர் பேரைச் சொல்லித்தான் சோறு ஊட்டுவார்கள். துரையைவிட எனக்கு அவரிடம்தான் பயம்.

அப்பா மருத்துவச்சி போன பிறகும் வாசலிலேயே நின்றார். குடும்பமே தெருவுக்கு வந்துவிடும் என்று அவர் யோசித்திருப்பார். மாமா யோசிக்கவில்லை. அவர் அம்மாவுக்கு இளையவர், எங்களோடு ஒட்டிக்கொண்டு இருந்தவர், வாய் மட்டும் தோட்டம் பூராவும் கேட்கும். நான் கொண்டாறேன் அத்தான் என்றார். துணைக்கு என்னைக் கூட்டிப்போவதாகவும் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

மறுநாள் காலை, ஆட்களை வேலைக்கு வரிசை கூட்டும் பெரட்டுத் தப்பு அடிப்பதற்கு முன்னாலேயே கிளம்பினோம். குளிருக்கு விரால் அடிச்சேற்றில் போய்ப் படுத்துவிடும், செத்த இரையைத் தொடாது, உயிரோடு துடிக்கிற தவளைதான் வேண்டும் என்றார் மாமா. நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக் கல்லிடுக்கில் என் சின்னக் கையை விடச் சொன்னார். உள்ளே பாம்பு இருக்குமோ என்று பயந்துகொண்டே விட்டேன். கையில் சிக்கிய தவளைகள் குளிரில் விறைத்துக் கல் மாதிரியே இருந்தன. அவற்றை ஒரு பால் டின்னில் போட்டு என் கையில் கொடுத்தார். ஒன்றை மட்டும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"மூடிப் பிடி. சூடு ஏறட்டும். துள்ளுனாத்தான் மீன் பாக்கும்."

மூடிப் பிடித்தேன். வழியெல்லாம் அது என் கைக்குள் மெல்ல மெல்ல உயிர் பெற்றது. முதலில் தொண்டை அசைந்தது, பிறகு ஒரு கால். குளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அது நன்றாகவே உதைத்தது. மாமா வாங்கி முதுகுத்தோலில் முள்ளை ஏற்றினார். அது கத்தியது. தவளை அப்படிக் கத்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நானும் அழுதேன். வாயை மூடு, ராலாமி நாயை அவிழ்த்துவிடுவார் என்றார்.

தூண்டில் கயிற்றைக் கம்பில்தான் கட்டிக் கரையில் ஊன்றுவார்கள். மாமா என் மணிக்கட்டில் கட்டினார்.

"கம்பு ஊணுனா ராலாமி கண்டுக்குவாரு. நீ உக்காந்திருந்தா தண்ணிக்கு வந்த புள்ளைன்னு போயிருவாரு. மீன் இழுத்தா கத்தாத, கையத் தூக்கு. நான் பக்கத்துலதான் இருப்பேன்."

பக்கம் என்று அவர் சொன்னது மேலே தேயிலைச் செடிகளுக்கு நடுவில். அங்கே போய்க் குந்திச் சுருட்டுப் பற்றவைத்தார்.

நான் மட்டும் அணைக்கட்டில் இருந்தேன். முன்னால் தண்ணீர் இல்லை, மூட்டம்தான் இருந்தது. கயிறு என் கையிலிருந்து கிளம்பி அந்த வெள்ளைக்குள் போய் மறைந்தது. முந்தின வருஷம் அந்தக் குளத்தில் ஒரு பெண் மிதந்ததாக லயத்தில் பேசியிருக்கிறார்கள். அவள் கயிற்றின் அந்த முனையில் இருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. கால் விரல்கள் இருப்பதே தெரியவில்லை. தெரிந்தது ஒன்றே ஒன்று. தவளை உதைப்பது கயிறு வழியாக என் மணிக்கட்டுக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு உதை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஒரு உதை. அது உதைக்கிற வரைக்கும் ஒன்றும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

திடீரென்று அது விடாமல் உதைக்க ஆரம்பித்தது. எனக்குத் தெரியாத எதையோ அது பார்த்துவிட்டது. என் கை முழுக்க நடுங்கியது, அதன் நடுக்கமா என்னுடையதா தெரியவில்லை. பிறகு நின்றுவிட்டது.

பிறகு இழுத்தது. கையைத் தூக்கச் சொல்லியிருந்தார், கை கீழேதான் போனது. சேற்றில் சறுக்கித் தண்ணீருக்குள் போனேன். அந்தக் குளிர் நெஞ்சில் மிதித்த மாதிரி இருந்தது. பாசி காலைச் சுற்றியது. ஒருமுறை தலை மேலே வந்தபோது மாமா என்று கத்தினேன். அவர் தேயிலைச் செடிகளுக்கு மேலே எழுந்து நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். ஒரு காலை எடுத்து வைத்தார். அப்போது நாய் குரைத்தது. எடுத்து வைத்த காலைப் பின்னால் வைத்துக் குனிந்தார். அதற்குப் பிறகு அங்கே தேயிலைதான் இருந்தது.

என் தலைமயிரைப் பிடித்து இழுத்தது ராலாமி. தண்ணீருக்குள் இருந்த பயத்தைவிட அவர் முகத்தைப் பார்த்த பயம் பெரிது. கயிற்றை அறுத்தார். அதோடு வந்த விராலைக் கரையில் எறிந்தார். என்னைக் குப்புறப் போட்டுத் தண்ணீரை வெளியே எடுத்து, தன் தோளில் போட்டிருந்த சாக்கை என் மேல் சுற்றினார். யார் கூட்டி வந்தது என்று கேட்டார். நான் சொல்லவில்லை. அவர் மேலே செடிகள் பக்கம் பார்த்து மூக்கை உறிஞ்சினார். சுருட்டு வாசம் அவருக்கும் வந்திருக்கும். மீன் யாருக்கு என்று கேட்டார். அம்மாவுக்கு, தம்பி பிறந்திருக்கிறான், அம்மா எழுந்திருக்கவில்லை என்றேன்.

அவர் துப்பினார். துரையின் பங்களாப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு விராலைச் சேம்பிலையில் சுற்றி இடுக்கிக்கொண்டு, என்னைத் தோளில் போட்டு, லயத்துக் கோடி வரைக்கும் கொண்டுவந்து இறக்கினார். மீனை என் கையில் கொடுத்தார்.

"லூலா நல்லது. அம்மாட்ட குடு. கதா கரண்ட எப்பா." லூலா என்றால் விரால். பேசாதே என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

நான் வீட்டுக்குள் போன கொஞ்ச நேரத்தில் மாமா வந்தார், சொட்டச் சொட்ட நனைந்து. பீலியில் தலையைக் காட்டிவிட்டு வந்திருக்கிறார். அன்றைக்கே கதையை ஆரம்பித்துவிட்டார். எனக்குக் காய்ச்சல். நான் ராலாமி என்றேன். பயத்தில் பிள்ளை பினாத்துகிறது என்றார்கள். அப்பா மட்டும் அந்தச் சாக்கைத் துவைத்துக் கொடியில் போட்டார். அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். அம்மா ரசம் குடித்தார். உதட்டில் நிறம் வந்தது. அதனால்தான் இன்றுவரை மாமாவை ஒருவரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

அடுத்தது நான் பார்த்ததில்லை, அப்பா சாகும்முன் சொன்னது. நத்தாருக்கு வந்த துரையின் கூட்டாளிகள் கரையில் என் பால் டின்னைக் கண்டார்கள், உள்ளே மிச்சத் தவளைகளோடு. மறுநாள் பெரட்டில் துரை கேட்டார், யார் என்று தெரியாவிட்டால் லயம் லயமாகச் சோதிப்பேன் என்றார். மாமா முன்னால் போனார். ராலாமி ஒரு விராலை இலையில் சுற்றி லயத்துப் பக்கம் கொண்டுவந்ததைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னார். அது மட்டும் உண்மை. கண்டிருக்கிறார், ஒளிந்துகொண்டு. ராலாமியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கொண்டுபோனேன் என்றார். யாருக்கு என்றார்கள். அதற்கு அவர் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் எழுந்து நிற்க முடியாத என் அம்மாவும் பச்சைப் பிள்ளையும் அன்றைக்கே தெருவில். அப்பா வரிசையில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். சாக்கு எங்கள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

நான் பார்த்தது இதுதான். காய்ச்சல் விட்டு ரோட்டோரம் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். ராலாமி, பெண்சாதி, பிள்ளைகள், தலையில் மூட்டை, சுருட்டின பாய், பின்னால் நாய். சிறியவள் ஒரு கோழியை அணைத்துப் பிடித்திருந்தாள். அது சிவனொளிபாத மலைக்கு ஆட்கள் கும்பிடப் போகிற காலம். அவர்களும் மலைக்குத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன். மலைக்குப் போகிறவர்களுக்குச் சிங்களவர் சொல்லும் வாழ்த்தை நானும் பழகியிருந்தேன். "கருணாவய்" என்று சந்தோஷமாகக் கத்திக் கையை ஆட்டினேன். ராலாமி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு நடந்தார். சிறியவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மலை கும்பிடப் போகிறவர்கள் கோழியைத் தூக்கிக்கொண்டு போவார்களா என்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

வரும் தையில் என் தம்பிக்குக் கல்யாணம். அன்றைக்குப் பிறந்தவன்தான். கட்டுவது மாமாவின் மகளை. பெண்ணின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தெஹியோவிட்டவிலிருந்தும் சொந்தக்காரர்கள் வருகிறார்கள், பந்தல் நிறைந்திருக்கும், மாமா வெற்றிலைத் தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு தொண்டையைச் செருமுவார். அன்றைக்கு நான் பரிமாறப் போகவில்லை. எதிரில்தான் உட்காரப் போகிறேன்.

மாமா, அந்தப் பந்தலில், அத்தனை பேர் முன்னால் பதில் சொல்லுங்க. என்னைத் தண்ணியிலிருந்து இழுத்தது யாரு? பெரட்டில் நீங்க யார் பேரைச் சொன்னீங்க?