செல்வி தூங்கிய பகல்

அன்று மும்பையில் அந்த மாட்டுங்கா வீட்டில் இருந்தவர்கள்: நாங்கள் மாமா என்று கூப்பிடும், படுத்த படுக்கையான பெரியவர், அவரைப் பார்த்துக்கொள்ளும் செல்வி, பிற்பாடு ஓடிப்போய்ச் சேர்ந்த நான். தாராவியிலிருந்து இப்படி வீடுகளுக்கு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்களை அனுப்புவதுதான் என் தொழில்.

மழையில் லோக்கல் ரயில் நின்றுபோய், பகல் டூட்டிக்காரி அம்பர்நாத்திலேயே மாட்டிக்கொண்டாள். அந்த வீட்டு வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் எனக்கு. இரவெல்லாம் விழித்திருந்த செல்வியையே பகலுக்கும் இருக்கச் சொல்லிப் போனில் கெஞ்சினேன்.

"சரிக்கா, நீங்க பதறாதீய."

மதியம் பலமுறை கூப்பிட்டும் அவள் எடுக்கவில்லை. பதறிப்போய் ஓடி, என்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தேன். செல்வி சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மாமாவோ பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே தொங்க, தண்ணீருக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். விழுவதற்குள் பிடித்துவிட்டேன்.

"அவளைக் கூப்பிடக் கூடாதா மாமா?"

"உஷ், மெதுவாப் பேசு. ராத்திரி பூரா எனக்காக முழிச்சிண்டிருந்தா. குழந்தை தூங்கட்டும்."

இப்போதெல்லாம் மாற்று ஆள் வராவிட்டால் நானே போய் உட்கார்ந்துவிடுகிறேன். அந்தப் பகலுக்கான சம்பளத்தைச் செல்வி வாங்க மறுக்கிறாள்.

"தூங்குனதுக்கா துட்டு? போங்கக்கா!"

நானும் விடுவதாக இல்லை. அவளுக்கு நான் தர வேண்டிய பாக்கி எழுநூறு ரூபாய்.