மகிழினியின் பொட்டிப் பட்டியல்

காலையில் வந்ததும் மூன்று கம்ப்யூட்டர்களிலும் துறைமுகத்திலிருந்து பறந்து வந்து படிந்த கரித்தூளைத் துடைப்பது மகிழினியின் வேலை. அவளை எடுத்தது என்னவோ புரோகிராம் எழுதத்தான். ராயபுரத்து அந்த ஆபீஸில் பெண் அவள் ஒருத்தி என்பதால் துணியும் அவள் கைக்கே வந்தது.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு. அப்பா அன்புமணிக்குத் துறைமுகத்தில் கண்டெய்னர் வேலை. அவர் வாயில் கண்டெய்னர் என்றைக்கும் பொட்டிதான். ஆகவே 2008இல், கண்டெய்னர்களை அடுக்கி வைக்கும் யார்டு நடத்தும் வெள்ளத்துரைக்கு இணையப் பக்கம் எழுதியபோது, நிரலில் கண்டெய்னர் பட்டியலுக்கு ஆங்கில எழுத்தில் ‘பொட்டி’ என்றே பெயர் வைத்தாள். பக்கத்தின் தலைப்பும் அதுவே.

முதலாளி தாமோதரனும் வடசென்னைதான், காலடிப்பேட்டையில் பிறந்தவர். பேசுவதோ டிவி செய்தி மாதிரி. கொசு கடித்தால் மட்டும் ஊர்ப் பாஷை வரும்.

பக்கத்தை வெள்ளத்துரைக்குக் காட்டும் நாளோடு அவளுக்கு ஆறு மாதச் சோதனைக்காலம் முடிகிறது. வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. பதினொரு மணிக்கு வெள்ளத்துரை வந்தார். பக்கம் திறந்தது. தலைப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

“எங்கம்மா என் பொட்டியெல்லாம்? கப்பலோட முங்கிருச்சா?”

“உன் வாய் மாதிரியே உன் வேலையும்,” என்றார் தாமோதரன். “பட்டியல் வரவில்லையென்றால் கடிதமும் கிடையாது.”

“நேத்து வந்துகினுதானே இருந்திச்சு சார்.”

“வந்துகினு! கஸ்டமர் முன்னால் கொஞ்சம் தமிழ் பேசு.”

அவள் திரும்பி உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரின் சேமிப்பில் நாற்பத்தாறு கண்டெய்னர்களும் பத்திரமாக இருந்தன. பக்கத்துக்கு எடுத்துக் கொடுக்கும் நிரலும் நாற்பத்தாறையும் கொடுத்தது. எது எங்கே தெரிய வேண்டும் என்று சொல்லும், பக்கத்தின் வார்ப்புருவுக்கு வந்தாள். தெரியாத பெயரைச் சொன்னால் அது சண்டை போடாது. சத்தமில்லாமல் வெறும் இடத்தை விட்டுவிடும். எழுத்தெழுத்தாகப் படித்தாள். அவள் வைத்த பெயர் பொட்டி. அங்கே இருந்தது ‘பெட்டி’. தலைப்பிலும் பெட்டி. பதற்றத்தில் அதை அவள் படிக்கவே இல்லை. கோப்பு கடைசியாக மாறியது நேற்று மாலை ஆறு நாற்பது. அவள் கிளம்பியது ஆறுக்கு. ஆபீஸ் சாவி முதலாளி ஒருவரிடம்தான் இருந்தது. தலைப்பை நாகரிகப்படுத்தக் கிளம்பிய மனிதர், ‘எல்லாவற்றையும் மாற்று’ என்ற ஒரே பொத்தானில் எல்லாப் பொட்டியையும் பெட்டியாக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

திருத்தினாள். நாற்பத்தாறும் வரிசையாக வந்து நின்றன.

“சின்னப் பெண், கவனம் போதாது. நான்தான் கூடவே இருந்து பார்க்க வேண்டியிருக்கிறது,” என்று வெள்ளத்துரையை வாசல்வரை கொண்டுவிட்டு வந்தார் தாமோதரன்.

மகிழினி அவர் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

“ஆறு நாப்பதுக்கு வந்து பேர மாத்தி வச்சிகீறது யாரு சார்?”

அவர் மணி அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். நம்பர் எதுவும் அழுத்தவில்லை. “ஆமாம், சொல்லுங்கள்,” என்றார் அதனிடம்.

“லெட்டர்ல கையெழுத்து போட்டீங்களா?”

“ஆமாம், ஆமாம்,” என்றார் போனிடம்.

கரித்தூள் துடைக்கும் துணியைக் கொண்டுவந்து அவர் மேஜைமேல் வைத்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.