நாலு ஓரமும் தெரிந்த மானிட்டர்

போன வாரம் ஏரிக்குப் போகிற சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் காபிக் கடைக்குப் போயிருந்தேன். பலகையில் 'ரெட்ரோ' என்று போட்டிருக்கிறார்கள். பழசு என்று போட்டால் யாரும் உள்ளே வரமாட்டார்கள் போலிருக்கிறது. சுவரோரம் மேசைமேல் ஒரு சாம்பல் நிற இரும்புப் பெட்டி. முகப்பில் வரிசையாகப் பொத்தான்கள், இரண்டு பக்கமும் தூக்குவதற்குப் பிடிகள். வலது பிடிக்குக் கீழே பெயின்ட் கருகிய தழும்பு. சாலிடரிங் அயர்னைக் கண்ட இடத்தில் சாய்த்து வைத்து அந்தத் தழும்பைப் போட்டது நான்தான்.

கடை என் மாமா மகனுடையது. "அப்பாவோட மானிட்டர் மச்சான். டியூப கழட்டிட்டு உள்ள எல்சிடி போட்டுட்டோம், சூப்பரா இருக்குல்ல?" என்றான். டியூப் எங்கே என்று கேட்டேன். பழைய இரும்புக்காரர் எடுத்துப் போனாராம். தட்டைத் திரையில் ஒரு பழைய வீடியோ கேம் ஓடிக்கொண்டிருந்தது. பழைய டிவி மாதிரி தெரிய வேண்டுமென்று படத்தின்மேல் பொய்யாகக் கறுப்புக் கோடுகள் வேறு போட்டிருந்தார்கள். நிஜத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதற்கு மேக்கப் போடுகிற புத்தி எங்கிருந்துதான் வருகிறதோ. ஆத்திரத்தில் காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். காபியும் சுமார்தான், அது வேறு விஷயம்.

அந்தப் பெட்டிக்கு ஒரு வாசனை உண்டு. போட்டுப் பத்து நிமிடத்தில் உள்ளே தூசி சூடேறி, இஸ்திரி போட்ட துணியும் இரும்பும் கலந்த மணம் வரும். கொடைக்கானல் பஜாரில் மாடியில் இருந்தது மாமாவின் வீடியோ ஸ்டுடியோ. கதவைத் திறந்தால் மஞ்சுமூட்டம் உள்ளே வந்து நாற்காலியில் உட்காரும். காலையில் பெட்டியெல்லாம் ஈரம் பூத்திருக்கும். என்னோடு வேலை பார்த்த ஷாகுல் அந்த ஈரத்தைத் துடைத்து, அது காயும்வரை சுவிட்சைத் தொடவிடமாட்டான். மாமாவே வந்து போடச் சொன்னாலும், "இருங்க மொதலாளி, அது முழிக்கட்டும்" என்பான்.

வத்தலக்குண்டு வரைக்கும் எங்களுக்குக் கல்யாண ஆர்டர் வரும். ஆடி பிறந்தால் ஒன்றும் கிடையாது. அந்த ஒரு மாதம் மழையும் காற்றும் நாங்களும்தான். அப்படி ஓர் ஆடியில், பஜாரில் பொம்மைக் கடை வைத்திருந்த தன் அண்ணனிடமிருந்து ஷாகுல் ஒரு டிவி கேம் பெட்டி வாங்கி வந்தான். அதிலிருந்து வருவது ஆண்டெனா ஒயர். மானிட்டரிலோ ஆண்டெனா சாக்கெட்டே கிடையாது. அது ஸ்டுடியோச் சாமான். முறுக்கிப் பூட்டுகிற பிளக்கைத்தான் ஏற்கும், சேனல் பிடிக்கத் தெரியாது. நான் மேதாவித்தனமாக ஒயரின் நுனியைச் சீவி, அந்த சாக்கெட்டுக்குள் செருகி, சாலிடர் வைக்கப் போனேன். தழும்பு அப்போது விழுந்ததுதான். படம் வரவில்லை, ஷாகுலிடமிருந்து வசவு வந்தது.

அவன் அரைநாள் உட்கார்ந்து யோசித்தான். பிறகு கேம் ஒயரைப் பழைய விசிஆரின் ஆண்டெனா துளையில் செருகி, அதில் சேனலைத் தேடிப் பிடித்து, விசிஆரின் வீடியோ அவுட்டிலிருந்து மானிட்டருக்கு ஒயர் இழுத்தான். வந்தது பாருங்கள் ஒரு படம்! வீட்டு டிவியில் கலங்கித் தெரிகிற பொம்மைக்கு இங்கே கண்ணும் மூக்கும் இருந்தன.

இன்னொன்றும் இருந்தது. அந்த மானிட்டரில் 'அண்டர் ஸ்கேன்' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் படம் கொஞ்சம் சுருங்கி நாலு ஓரமும் தெரியும். வீட்டு டிவிகள் ஓரத்தை விழுங்கிவிடும். கேமில் எத்தனை உயிர் மிச்சம் என்று இடது மூலையில் ஓர் எண் வரும். ஊரில் பாதிப் பேர் அந்த எண்ணைப் பார்க்காமலே ஆடிச் செத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு மட்டும் தெரியும். ஷாகுல் கல்யாண வீடியோவையும் அப்படித்தான் பார்ப்பான். மணமேடையை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்கிறவர்களைத்தான் கவனிப்பான்.

அந்த ஆடியில்தான் மாமாவும் எங்களோடு உட்கார்ந்து ஆடி, தோற்று, சிரித்து, என் முன்னாலேயே சொன்னார். "பெத்த புள்ளயக்கூட எவனும் இப்பிடிப் பாத்துக்கமாட்டான்லே. கடைய மூடுற அன்னைக்கு இந்தப் பொட்டி ஒனக்குத்தான் ஷாகுலு." அவன் பெட்டிமேல் கையை வைத்தான், அவ்வளவுதான்.

சில வருடங்களில் கடையை மூடும்படி ஆனது. கடைசி நாள் ஷாகுல், பெட்டியைச் சுற்றி எடுத்துப் போக வீட்டிலிருந்து ஒரு கம்பளி கொண்டுவந்தான். மாடிப்படியில் வைத்தே மாமா கேட்டார், "நான் எப்பப்பா குடுக்கிறேன்னு சொன்னேன்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏலே, நான் அப்பிடிச் சொன்னேனா?"

அக்கா கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. அப்பா இல்லாத வீடு. தாய்மாமன் முறுக்கிக்கொண்டு வராமல் போனால் மணமேடையில் யார் நிற்பது? "எனக்கு ஞாபகமில்ல மாமா" என்றேன். ஷாகுல் கம்பளியை நாலாக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனான்.

ஆனாலும் அக்கா கல்யாணத்தை வீடியோ எடுக்கிறேன் என்று முன்பே ஒப்புக்கொண்டிருந்ததால், இரவல் கேமராவோடு வந்து எடுத்துக்கொடுத்தான். மாமாவையும் நன்றாகத்தான் எடுத்திருந்தான். மாமா அந்தப் பெட்டியை விற்கவும் இல்லை, வீட்டில் வைக்கவும் இல்லை. விறகுக் கொட்டகையில் மழைச் சாரலில் போட்டுவைத்திருந்தார். கொடுக்கக் கூடாது என்பதற்காக மட்டுமே வைத்திருந்தார். இறந்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுகிறேன். திட்டு வாங்குகிற வரிசையில் அடுத்த ஆள் நான் என்பதும் எனக்குத் தெரியும்.

கடையிலிருந்தே ஒரு வீடியோ எடுத்து ஷாகுலுக்கு அனுப்பினேன். இப்போது தாண்டிக்குடியில் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறான். சாயங்காலம் குரல் பதிவு வந்தது. பின்னால் ஜீப் உறுமுகிற சத்தம்.

"ஓரம் நாலும் போச்சேலே. மூலையில உயிர் எத்தன கெடக்குன்னே தெரியல." வளைவில் ஹாரன் அடித்துவிட்டுத் தொடர்ந்தான். "ஆமா, மொதலாளி அன்னைக்குத் தாரேன்னு சொன்னப்ப நீயும் பக்கத்துலதான இருந்த?"

"இருந்தேன் ஷாகுலு. சொன்னாரு. என் காதால கேட்டேன்" என்று பேசி அனுப்பினேன். கேட்டுவிட்டான் என்று போன் காட்டுகிறது. அதைச் சொல்ல வேண்டிய இடம் அந்த மாடிப்படி. அன்று கடையிலிருந்து திரும்புகிற வழியில் பஜாரில் எட்டிப் பார்த்தேன். அந்த மாடி இப்போது லாட்ஜ். படியை இடித்துவிட்டு லிஃப்ட் வைத்திருக்கிறார்கள்.