மஞ்சள் கறுப்புப் பாண்டி

எங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ரயில் பாதை. முன்பிருந்த கேட்டை அடைத்துச் சுவர் எழுப்பிவிட்டு, அடியில் சுரங்கப்பாதை போட்டார்கள். போன மழையில் அதற்குள் கரண்ட் போய், முழங்கால் தண்ணீரில் என் மகள் தனியாக மாட்டிக்கொண்டாள். எட்டு வயது. நிலக்கரி வெட்டி ஊருக்கே கரண்ட் அனுப்புகிறோமாம், வெட்கக்கேடு!

அதற்குப் பிறகு அந்தச் சரிவில் அவள் கால் வைக்கவில்லை. தூக்கிக்கொண்டு போனால் கடித்தாள். சுற்றி அழைத்துப் போக என் ஷிப்ட் ஒத்துவராது. என் மனைவி விடிந்ததும் முந்திரி உடைக்கப் போய்விடுவாள். இரண்டு மாதமாகப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. நான் கெஞ்சினேன், ஒருநாள் அடித்தேன். அடித்த கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

வீட்டு வாசலில் கட்டம் கிழித்து அவள் நாள் முழுக்கப் பாண்டி ஆடுவாள். அந்தப் பாழாய்ப்போன குகையையே பாண்டி ஆடும் இடமாக்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. மைன்ஸில் நான் கரி போகும் பெல்ட் செக்‌ஷன் கான்ட்ராக்ட் ஆள். சூப்பர்வைசரிடம் கேட்டு மிச்சப் பெயின்ட் வாங்கினேன். லீவு நாளில் நானும் மனைவியும் தரை முழுக்கக் கட்டம் போட்டோம். சுவரில் வரி வரியாக ஒரு நீளப் பாம்பு. அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை, புதுப் பாண்டி காட்டுகிறேன் என்று ஆசை காட்டி மகளைச் சரிவின் மேல்வரை அழைத்துப் போனால், அங்கே ஒரே கூட்டம். ஒருவரும் உள்ளே இறங்கவில்லை. ஹெல்மெட் போட்ட ஷிப்ட் ஆள் ஒருவர் வண்டிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"என்னாங்க, உள்ள ஏதாச்சும் இடிஞ்சிபோச்சா?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க. மஞ்சக் கறுப்பு அடிச்சிக்கீறாங்க. யாரும் போவாதீங்க."

எனக்கு உச்சந்தலையில் அடித்தது போலிருந்தது. இந்த ஊரில் மஞ்சள் கறுப்பு வரியைப் பார்த்தால் கால் தானாக நின்றுவிடும். அபாயம் என்று பல வருஷமாக நானே அடித்துவந்த வரி அது. என் செக்‌ஷனில் வேறு நிறம் கிடையாது. முட்டாள் எனக்கு அது தோன்றவும் இல்லை.

மகள் என் சட்டையைப் பிடித்தாள். "எல்லாரும் பயந்துகினு நிக்கிறாங்க பாருப்பா. என்னை மட்டும் போவச் சொல்ற."

பள்ளிக்கூடப் பையை அவள் கையில் கொடுத்துவிட்டு நானே இறங்கினேன். பூட்ஸோடு நொண்டி அடித்தேன். "பாரும்மா, ஒண்ணுமில்ல, பாரு!" என்று கத்திக்கொண்டே கட்டம் கட்டமாகத் தாவினேன். மேலே யாரோ சிரித்தார்கள். பாதியைத் தாண்டியிருப்பேன், ஈரத்தில் காயாத பெயின்ட் வழுக்கி மல்லாக்க விழுந்தேன்.

"அப்பா!"

ஓடி வந்துவிட்டாள். பையைப் போட்டுவிட்டு அவ்வளவு தூரமும் ஓடிவந்து என் தலையைத் தூக்கினாள். "அடிபட்டுச்சா, அடிபட்டுச்சா?" என்றாள். பிறகுதான் சுற்றிலும் பார்த்தாள். எங்கே நிற்கிறோம் என்று தெரிந்ததும் அலறினாள்.

வாரி எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் கொஞ்ச தூரம்தான், வெளிச்சம் தெரிந்தது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "வேணாம்ப்பா, வேணாம்ப்பா" என்றாள்.

நான் வீட்டுப் பக்கமே ஓடினேன்.