ஐஸ் பெட்டிக்குள் மூன்று ராணிகள்

கடந்த மாரியில், திருகோணமலைப் பக்கம் சல்லி என்ற கரையோர ஊரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அப்பா கடலுக்குப் போகிறவர். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு. அன்றைக்கு அது அளவுக்கு மிஞ்சிப்போனது.

பல்கலைக்கழகத்தில் கடைசி வருட ஆய்வுக்கு நான் எடுத்தது எறும்பு. முதல் மழை விட்ட அந்தியில், செட்டையோடு பறந்து வந்து எங்கள் வாசல் விளக்கடியில் விழுந்த கட்டெறும்பு ராணிகளில் ஐந்தைப் பிடித்து, ஆளுக்கொரு சோதனைக் குழாயில் விட்டேன். அடியில் தண்ணீர், அதை மறித்துப் பஞ்சு, வாயிலும் பஞ்சு, அவ்வளவுதான். செட்டையை உதிர்த்துவிட்டு ராணி தனியாகவே முட்டையிட்டு, முதல் வேலைக்கார எறும்புகளை வளர்த்து எடுக்கும். அதுவரை சாப்பாடுகூடத் தேவையில்லை; இருட்டும் அமைதியும் போதும். நான்தான் ஆசை தாங்காமல் எடுத்தெடுத்துப் பார்த்து இரண்டைச் சாகவிட்டேன். மிச்சம் மூன்று. அவற்றில் ஒன்றிலாவது குஞ்செறும்புகள் வராவிட்டால் வேறு தலைப்பு எடுக்க வேண்டும், படிப்பு ஒரு வருடம் பிந்தும் என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டார்.

"ஊரே கருவாட்டில எறும்பு ஏறாம மஞ்சள் தூவுது. என்ர மகள் எறும்பை அலுமாரிக்குள்ள வச்சுக் கும்பிடுறாள்" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிச் சொல்லி அம்மா சிரிப்பார்.

மூன்று கிழமை கழித்து, ஒரு மத்தியானம் பஸ்ஸால் இறங்கினேன். ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகை. டெங்கு நுளம்புக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்குள் அடித்து முடிந்துவிட்டது. நுளம்பைக் கொல்லும் புகை எறும்பை மட்டும் விட்டுவைக்குமா? சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தேன். குழாய்கள் இல்லை.

"அம்மா அப்பவே மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போயிட்டா" என்றார் வேலிக்கு அப்பால் நின்ற அக்கா.

கரையில், இழுத்து வைத்திருந்த எங்கள் வள்ளத்தின் நிழலில் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அப்பாவின் பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் மீன் பெட்டி.

"பயப்படாத பிள்ளை. புகை வருதெண்டு மைக்கில சொன்ன உடன தூக்கிக்கொண்டு வந்தனான்."

மூடியைத் திறந்தேன். உடைத்த ஐஸுக்குள், ஷொப்பிங் பையில் சுற்றியபடி மூன்று குழாய்கள். மூன்று ராணிகளும் காலை மடக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தன.

"ஐஸுக்குள்ள வைப்பாங்களா அம்மா? நாலு எழுத்துப் படிச்சிருந்தா இப்பிடிச் செய்வீங்களா?"

நான் கத்தியதில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவின் முகம் சுருங்கிப்போனது.

"மீன் பழுதாகாம இருக்க ஐஸில தானே வைக்கிறம். உன்ர சாமானும் பழுதாகக் கூடாதெண்டுதான்..." என்றார். குழாய்களை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தார். ஒரு கையில் வைத்து மற்றக் கையால் மூடிக்கொண்டார். நான் மணலில் உட்கார்ந்து அழுதேன். ஒரு வருடம் போய்விட்டது என்பதைத் தவிர வேறெதுவும் எனக்குள் ஓடவில்லை.

"இஞ்ச பார், மீசை ஆடுது."

நான் நம்பவில்லை. குழாயைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தேன். உணர்கொம்பு ஒன்று மெல்ல அசைந்தது. பிறகு ஒரு கால். கொஞ்ச நேரத்தில் அந்த ராணி புரண்டு எழுந்து, தள்ளாடிப் போய், சிதறிக் கிடந்த முட்டைகளையும் புழுக்களையும் வாயால் கவ்விக் கவ்விச் சேர்க்கத் தொடங்கியது. மற்ற இரண்டும் அப்படியே எழும்பின. எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

"ஐஸ் போட்டாச்சு. இனி லொறியில ஏத்திக் கொழும்புக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்றார் வலை பொத்திய ஒருவர். அம்மாவும் சிரித்துவிட்டார்.

"பிழை விட்டிட்டன் அம்மா" என்றேன்.

"சரி, மூக்கைத் துடை" என்றார்.

அடுத்த நாள் விரிவுரையாளரிடம் சொன்னபோது அவரும் சிரித்தார். "எறும்பை மயக்கிறதுக்கு ஆய்வுகூடத்தில நாங்களும் கொஞ்ச நேரம் ஐஸில தானே வைக்கிறனாங்கள். புகைக்குள்ள விட்டிருந்தாத்தான் ஒண்டும் மிஞ்சியிராது" என்றார். ஒரு ராணி அதற்குப் பிறகு முட்டையிடவேயில்லை. ஆனால் மற்ற இரண்டு குழாய்களிலும் இரண்டு கிழமை கழித்து, கடுகளவு தலையோடு வெளிறிய குஞ்செறும்புகள் வெளியே வந்தன. என் ஆய்வு தப்பியது.

அந்த ராணிகள் எழும்பாமல் போயிருந்தால் அம்மாவிடம் பிழை விட்டிட்டன் என்று சொல்லியிருப்பேனா என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஓம் என்று துணிந்து சொல்ல முடியாததால்தான், கோபம் வந்தால் இப்போதெல்லாம் முதலில் 'ஏன் செய்தீங்கள்?' என்று கேட்டுவிட்டுப் பேசப் பழகியிருக்கிறேன்.