கிடா போட்ட சட்டை

சீனத்தில் ஒரு வழக்கம் இருந்ததாம். பிள்ளை தங்க வேண்டும் என்று நூறு வீடுகளில் துணித்துண்டு கேட்டு வாங்கி, ஒட்டுப்போட்டுச் சட்டை தைத்துப் போடுவார்களாம். கல்லூரியில் படிக்கும்போது, உலகக் குழந்தைகளின் உடைகளைப் பற்றிய ஒரு படப்புத்தகத்தில் அந்தச் சட்டையைப் பார்த்தேன். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகச் சதுரம் சதுரமாய், கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த தோழி, "எவ்ளோ அழகு இல்ல?" என்றாள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நூறு வீட்டு வேர்வை அது. நூறு வீட்டு அடுப்புப் புகை, மூக்குச்சளி, மூத்திரம். புத்தகத்துக்கு மூக்கு கிடையாது. எனக்கு இருக்கிறதே!

நான் அப்படித்தான் வளர்ந்தேன்.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் நடக்கப் பழகும் முன்பே போய்விட்டன. நான் பிறந்ததும் என்னைக் குப்பைமேட்டில் போட்டு, பக்கத்து வீட்டு அத்தையை எடுக்கவைத்து, அவளிடமிருந்து அம்மா ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டாள். இது எங்கள் பிள்ளை இல்லை என்று எமனுக்குச் சொல்லியாயிற்று. அதோடு விட்டிருக்கலாம். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டி எனக்கு மொட்டை போடும் நாள்வரை என் உடம்பில் புதுத்துணி படாது என்றும் வேண்டிக்கொண்டாள். அதுவரை கேட்டு வாங்கின துணிதான். வாங்கினதைத் துவைக்கவும் கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே போட்டுக்கொண்ட பிறகுதான் அதற்குத் தண்ணீர் காட்டலாம். எமன் மோந்து பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பான் என்பது அம்மாவின் கட்சி. வேறு வீட்டு வாசனை அடித்தால் குழம்பிப்போய்த் திரும்பிவிடுவானாம்.

வாசனையாம்!

அம்மா களையெடுக்கப் போகும் நிலத்துக்காரர் வீட்டிலிருந்துதான் துணி அதிகம் வரும். கையில் கொடுக்கமாட்டார்கள். படியில் போடுவார்கள், அம்மா குனிந்து எடுத்துக்கொள்வாள். அந்த வீட்டுப் பையனின் டிரவுசர், பின்பக்கம் மஞ்சள் பூத்தது. அவன் தங்கையின் கவுன், அக்குள் இரண்டும் அட்டை மாதிரி விறைத்துப் போனது. நெஞ்சில் எப்போதோ கக்கின பால் காய்ந்து ஒட்டியிருக்கும். தலைவழியாக மாட்டும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வேன். எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? மூச்சு விட்டதும் அந்தப் பையன் என் மூக்குக்குள் வந்து உட்கார்ந்துகொள்வான். மத்தியானத்துக்குள் என் வேர்வையும் அவன் வேர்வையும் கலந்துவிடும். எது யாருடையது என்று எனக்கே தெரியாது. அந்த நினைப்பில் நான் சாப்பிடாமல் விட்ட சத்துணவு கொஞ்சமில்லை.

மொட்டை போட்டுவிட்டால் தீர்ந்தது. ஆனால் மொட்டைக்குக் கிடா வேண்டும். ஒவ்வொரு வருஷமும் ஒரு குட்டியை நேர்ந்து விடுவார்கள். அது கொழுத்து நிற்கும் நேரத்தில் கூரை ஒழுகும், அல்லது கரும்பு வெட்டப் போன அப்பா காலை வெட்டிக்கொண்டு வருவார். உளுந்தூர்பேட்டையிலிருந்து வரும் ஆட்டு வியாபாரி கிடாவை ஓட்டிக்கொண்டு போய்விடுவான். "சாமிக்குத் தெரியும், அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்பாள் அம்மா. சாமிக்குத் தெரிந்து என்ன? போட்டுக்கொள்வது நான்.

பள்ளிக்கூடத்தில் இலவசச் சீருடை கொடுத்தார்கள். நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை. கஞ்சி மொடமொடப்போடு, யார் உடம்பும் படாமல், கட்டுக்குள்ளிருந்து உருவிக் கொடுப்பார்கள். அதை வாங்கி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முகத்தில் வைத்து இழுத்து இழுத்து மோந்துகொண்டே வருவேன். வீட்டில் அம்மா அதை வாங்கி நேராகப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுப்பாள். என்னைத் தவிட்டுக்கு விற்ற அத்தையின் மகள், என் வகுப்புதான். அவள் ஒரு நாள் போட்டுப் பழசாக்கித் தர வேண்டும், அதை அம்மா கேட்டு வாங்க வேண்டும். அவளுக்கு எந்நேரமும் மூக்கு ஒழுகும். காதுக்குப் பின்னால் சிரங்கு.

ஐந்தாம் வகுப்பில் சீருடை வந்த அன்று, வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சட்டை வந்துடுச்சாமே. நாளைக்கே போட்டுக் குடுத்துடட்டா?"

"போன வருசம் கையில மூக்கத் தொடச்சிக் குடுத்த இல்ல நீ?"

"உங்கம்மா இன்னா சொன்னாங்க? பழசாக்கிக் குடுன்னாங்க. சும்மா போட்டுக்கினு உக்காந்திருந்தா பழசாவுமா?"

"சாம்பார் ஊத்திக்கினது?"

"அது ஃப்ரீ" என்று சிரித்தாள்.

அம்மா களையெடுத்து வர நேரமிருந்தது. நான் வீட்டுக்குள் உட்கார்ந்து சட்டையை மடியில் வைத்துக்கொண்டேன். அதன் கழுத்துப் பட்டையில் அவளுடைய சிரங்குநீர் படப்போகிறது என்று நினைத்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வேறு ஒரு மனித உடம்பும் படாத ஒரு சட்டை. நான் இரண்டாவதாகக்கூடப் போட்டுக்கொள்கிறேன், ஆனால் எனக்கு முன்னால் ஒரு ஆள் அதற்குள் இருந்திருக்கக் கூடாது.

பின்னால் கட்டியிருந்த கிடா கத்தியது. அந்த வருஷத்து நேர்ச்சைக் கிடா.

முன்னங்கால் இரண்டையும் கைகளுக்குள் நுழைக்கப் பட்ட பாடு! பட்டன் போட்டு, பாவாடையை இடுப்பில் சுற்றி முடிந்தேன். கிடா முதலில் அசையாமல் நின்றது. பிறகு கழுத்தைத் திருப்பிப் பட்டையைக் கடித்து மென்றது. பிறகு கயிற்றை அறுத்துக்கொண்டு தெருவில் ஓடியது. பக்கத்து வீட்டுப் பெண் வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு, "ஐயோ, ஸ்கூலுக்குப் போவுது பாரு, ஸ்கூலுக்குப் போவுது பாரு" என்று கத்தினாள். தெருமுனையில் கிடாவை மடக்கிப் பிடித்தது, வேலை முடிந்து வந்துகொண்டிருந்த அம்மா.

"இன்னாடி பண்ணி வச்சிருக்க? சாமி கிடாடி இது!"

"அதுக்குத்தாம்மா. ஆடு போட்டுப் பழசாயிடுச்சி. இனிமே நான் போட்டுக்கலாம்."

"ஆடு போட்டா ஆச்சா? உனுக்கு முன்னாடி ரெண்டு வாரிக் குடுத்தவடி நானு. வெளையாட்டா இருக்குதா உனுக்கு?"

"எமன் மோந்து தானம்மா பாப்பான்? மோந்து பாத்தா ஆடுன்னு நெனச்சிக்கினு போயிடுவான். அவ போட்டா பொண்ணு வாசன தானே அடிக்கும்? நான்னு நெனச்சிட்டா?"

அம்மா கிடாவை இழுத்து நிறுத்தினாள். கிடாவின் உடம்பிலிருந்து சட்டையைக் கழற்றி, மூக்கில் வைத்துப் பார்த்தாள். முகம் கோணியது. கிடா நாற்றம் சாதாரண நாற்றமா? சுண்ட வைத்த மூத்திரம். பிறகு அதை என்னிடம் நீட்டினாள். "போட்டுக்கோ. சாமி கிடா போட்டது. தொவைக்காம போட்டுக்கோ."

மறுநாள் வகுப்பில் என் பெஞ்சு காலியாகிவிட்டது. டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாரும்மா ஆட்டோட படுத்து எழுந்து வந்தது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் அந்த நாற்றம் தாங்க முடியாததுதான். ஆனாலும் சத்துணவைத் தட்டு வழித்துச் சாப்பிட்டேன். எனக்கும் சட்டைக்கும் நடுவில் ஒரு ஆளும் இல்லை.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. தை முடிய வியாபாரி வந்தான். அப்பாவும் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"இத விக்க முடியாது. எம்பொண்ணு சட்டைய போட்ட கிடா. இத வித்தா எம்பொண்ண வித்த மாதிரி."

வருஷா வருஷம் தள்ளிப்போன மொட்டை அந்த மாசியில் நடந்தது. கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் சாமி. காலையில் அந்தச் சீருடைச் சட்டையோடுதான் என்னை உட்கார வைத்தார்கள். பேன் நெளியும் முடி கற்றை கற்றையாகக் கழுத்துக்குள் விழுந்தது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் சட்டையைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். பிறகு புதுக் கவுன். ரோஜா நிறம், கழுத்தில் ஜரிகை. கடையிலிருந்து நேராக என் மேல். சந்தனம் பூசின மொட்டைத் தலையோடு, மேலே எதுவும் பட்டுவிடாமல் கைகளை விரித்துக்கொண்டே நடந்தேன். கிடாக்கறியைக் கவுனில் சிந்தாமல் எட்டி எட்டிச் சாப்பிட்டேன்.

பந்தி முடிந்த நேரத்தில் மலைமேலிருந்து கும்பிட வந்திருந்த ஒரு பெண், கைக்குழந்தையோடு அம்மாவிடம் வந்தாள்.

"அக்கா, எனுக்கும் ரெண்டு தங்கல. இது மூணாவது. பொழச்ச புள்ள துணி எதுனா இருந்தா குடுங்க."

வீட்டில் இருக்கும் பழசையெல்லாம் கொளுத்திவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். அம்மாவோ யோசிக்கவே இல்லை. ஓரத்தில் கிடந்த சட்டையை எடுத்து உதறினாள். முடித்துணுக்குகள் பறந்தன.

"இது சாமி கிடா போட்டது. கழுத்துல பாரு, அது கடிச்ச எடம். தொவைக்காத, அப்டியே போடு."

"தொவைக்கல வுடுங்கக்கா" என்று அவள் அங்கேயே குழந்தையை அதற்குள் சுற்றினாள்.

காலையிலிருந்து வெயிலில் ஊறின என் வேர்வை அதில் இருந்தது. என் தலை அழுக்கு, என் பேன். குழந்தை முகத்தைத் திருப்பித் திருப்பி மோந்து பார்த்தது. பிறகு கிடா மென்று நைந்துபோயிருந்த அந்தக் கழுத்துப் பட்டையை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கியது. அதன் தாய் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள்.

நான் கோயிலுக்குப் பின்னால் ஓடினேன். "கறி ஒத்துக்கல போல" என்று அம்மா சொன்னது காதில் விழுந்தது. புதுக் கவுனை இரண்டு கையாலும் முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டும் அதன்மேல் படாமல், குனிந்து வாந்தி எடுத்தேன்.